கருவியோ செவியோ பழகுவது?

கண்ணுக்கு இமை என்னுங் கதவு உண்டு. வாய்க்கு இதழ்கள் உண்டு. செவிக்கோ கதவில்லை; உறக்கத்திலும் அது திறந்தே கிடக்கின்றது. திருவள்ளுவனார் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். ஏட்டைத் தொடும் வாய்ப்பில்லாதவனும் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கொள்கை. அச்சு வருமுன்னர் நம் இலக்கியம் நிலைபெற்றதில் ஏட்டிற்குப் பாதிப் பங்கு உண்டெனின், ஆசிரியன் வாய்க்கும் மாணாக்கன் செவிக்கும் மற்றைப் பாதி உரியது.

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய குழுவினர், தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். யான் எடுத்துக்கொண்டதோ வீட்டிலே இசை கேட்குங் கருவிகளைப் பற்றியது. பழைய மாணவர் கூடுமிடங்களில் இப்பேச்சு அடிக்கடி எழுகின்றது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வருவோர், தாம் வாங்கிய புதிய கருவியின் பெருமையைச் சொல்லி, இறுதியில் ஒன்று கூறுவர்: “இன்னும் அது பழகவில்லை, இருநூறு மணி நேரம் ஓடவேண்டும், அதன் பின்னரே உண்மையான நாதம் வரும்.” கருவி பழகுமோ? பழகுவது கருவிதானோ? இவ்வினா என்னை நெடுநாள் விடாது பற்றியது. அதற்கு யான் கண்ட விடையையும், அவ்விடை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒலிபெருக்கி என்னுஞ் சொல்லை, மின்குறியைப் பெருக்கும் பெட்டிக்கும், அதனை ஒலியாக்கும் பெட்டிக்கும் ஒருங்கே வழங்குகின்றோம். மயக்கம் நேராதிருக்க, முன்னதை அம்பிளிபயர் என்றும், பின்னதை ஸ்பீக்கர் என்றும் உலக வழக்கையொட்டியே குறிப்பேன். தமிழாசிரியன் இவ்வாறு எழுதலாமோ என்று அன்பர் முனியற்க. ‘ஹைபை’ என்பதன் கருத்து, மூல ஒலிக்கு மிகுந்த உண்மையுடையதாய் இருத்தல் என்பதாம். பாடியது எதுவோ அதனைக் கூட்டாமலும் குறைக்காமலும் கேட்போனிடம் ஒப்புவித்தலே அதன் கடமை.

இவ்வுண்மையை நாடிய பயணம் நெடியது. 1877இல் எடிசன் ஒலியைப் பதியும் பொறியை இயற்றினார். 1887இல் எமில் பேர்லினர் தட்டிலே பதியும் முறையைக் கண்டார். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். இராகத்தை விரித்துப் பாடும் நம் வித்துவான்கள் அச்சிறு பொழுதிற்குள் ஆலாபனையையும் கீர்த்தனத்தையும் அடக்கிப் பாடினர். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கத்திலே இருபது நிமிடத்திற்கு மேலும் கேட்கலாயிற்று. 1958 முதல் இருபுற ஒலித் தட்டுகள் பரவின. 1963இல் கசெற் ஒலிநாடாவும், 1982இல் குறுந்தட்டும் தோன்றின. இன்று கைத்தொலைபேசியே இசைக்களஞ்சியம்.

என் தலைமுறை யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வரலாறு இந்த ஒழுங்கில் வாய்க்கவில்லை. யான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, 1990இல், குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் கிடைத்தற்கரிய பொருளாயின. அக்காலத்தில் நாம் வானொலி கேட்ட முறையை இன்றைய மாணவர் நம்ப மாட்டார். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையாற் பெடலைச் சுழற்ற, சக்கரத்தோடு ஒட்டிய டைனமோ மின்னைத் தரும். அதனை ஒருதிசைப்படுத்தி வானொலிக்கோ கசெற் பெட்டிக்கோ கொடுப்போம். சுழற்றுபவன் கை ஓய்ந்தாற் பாடகரின் குரல் தாழ்ந்து இழுபடும். “சுத்தடா, சுத்தடா” என்று பெரியவர்கள் கூவுவர். மூன்றங்குல ஸ்பீக்கர் ஒன்றே. ஆயினும் நாகசுரத்தில் வாசிக்கப்படுவது தோடியா கல்யாணியா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியார் பிழையின்றிச் சொல்வார். கருவி கொடுக்காததை அவர் செவி இட்டு நிரப்பிக்கொண்டது.

இனி, பழகுதல் என்னும் பொருளுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டனில் வாழும் வகுப்புத் தோழர் ஒருவர் தம் பழைய அம்பிளிபயரை எனக்கு அளித்தார். சம்பள நிலுவை ஒருமித்துக் கைக்கு வந்தபோது, அளவான விலையில் ஒரு சோடிப் புதிய ஸ்பீக்கர்களை யான் வாங்கினேன். விற்றவரும் இருநூறு மணி நேரக் கணக்கைச் சொல்லியே தந்தார். அவர் கூற்று முழுப் பொய் அன்று. ஸ்பீக்கரினுள்ளே கடதாசி முதலியவற்றால் ஆகிய ஒரு கூம்பு உண்டு. அதன் அடியிலுள்ள கம்பிச் சுருள் காந்தத்தின் இடையே முன்னும் பின்னும் அசைய, கூம்பும் அசைந்து காற்றை அதிர்விக்கும். அக்கூம்பை நடுவே நிறுத்திப் பிடித்திருப்பவை இரண்டு: அடியிலே பசையூட்டி விறைப்பாக்கிய மடிப்புத் துணி ஒன்று, வெளி விளிம்பிலே இறப்பர் அல்லது நுரைப்பஞ்சு வளையம் ஒன்று. புதிதாயிருக்கையில் இவை சற்று விறைத்திருக்கும். அசைய அசையத் தளரும். அதனாற் கூம்பு இயல்பாக அதிரும் எண்ணிக்கை சிறிது இறங்கும். இம்மாற்றத்தை அளக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி முதற் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடுவது. புதிய செருப்பு முதல் நாளிற் கடித்து மறுநாள் அடங்குவது போன்றது அது.

அம்பிளிபயரைக் கேட்பின், வால்வு உடையதாயின் வால்வுகள் சூடேறவேண்டும். அது சிறுபொழுதில் ஆகும். பல்லாண்டு கிடப்பிற் கிடந்த பெட்டியின் மின்கொள்ளளவிகள் மீண்டும் நிலைப்படச் சிறிது காலம் வேண்டியிருக்கும். செப்புக் கம்பியோ பழகுதற்கு யாதுமில்லை. நூறு மணி நேரம் மின் ஓடினாலும் அது செப்புக் கம்பியே.

அங்ஙனமாயின், முதல் வாரத்தில் உறைப்பாய்க் கேட்ட ஒலி மூன்றாம் மாதத்தில் இனிதாய்க் கேட்பது எவ்வாறு? பிற ஊரிலிருந்து வந்து புதிதாய்க் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியரின் பேச்சு முதற் கிழமையில் மாணவர்க்கு வேற்றுமையாய்த் தோன்றும். இரண்டாந் தவணையில் அவ்வேற்றுமையை ஒருவரும் உணரார். ஆசிரியர் பேச்சை மாற்றிக்கொண்டதில்லை. செவி எந்த ஒலிக்கும் தன்னை இசைவித்துக்கொள்ளும் இயல்பினது. அஃதன்றியும், நுண்ணிய ஒலி வேற்றுமையை நாம் நினைவில் வைத்திருப்பது சில விநாடிகளே. சென்ற மாதத்து ஒலியை இன்றைய ஒலியோடு ஒப்பிடுகின்றேன் என்பவர், ஒலியை அன்று, தம் எண்ணத்தையே ஒப்பிடுகின்றார். உரப்பின் விளைவு இன்னொன்று. ஒலி சிறிது உரக்கும்போது கீழ் ஒலியும் மேல் ஒலியும் நமக்கு நிறைவாய்க் கேட்கும். பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே இதனை அளந்து காட்டினர். ஒரு கருவி மற்றதினும் இம்மியளவு உரத்து ஒலித்தாற் போதும். அதுவே சிறந்ததென்று தீர்ப்பளித்துவிடுவோம். இருநூறு மணி நேரம் காத்திருக்கும்படி வணிகர் சொல்வதில் வேறொரு வசதியும் உண்டு. அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை கழிந்துவிடும்!

சொல்வதோடு நில்லாது சோதித்தும் பார்த்தோம். என் சோடி ஸ்பீக்கர்களுள் ஒன்றைப் பின்னறையில் வைத்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் வானொலி பாடவிட்டேன். மற்றதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இருபத்தைந்து நாள் சென்றபின் இரண்டையும் அருகருகே நிறுத்தி, முன்னே ஒரு சேலையை மறைப்பாகக் கட்டினோம். பௌதிகவியல் ஆசிரியர் இரண்டின் உரப்பையும் அளந்து சமப்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாம் விரும்பியபடி மாற்றினார். சங்கீத ஆசிரியரும், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரும், யானும் பன்னிரண்டு முறை கேட்டுப் பழகியது எதுவெனத் தனித்தனியே எழுதினோம். சங்கீத ஆசிரியர்க்கு ஏழு சரி, மாணவர்க்கு ஆறு, எனக்கு ஐந்து. காசைச் சுண்டிப் போட்டு விடை எழுதினாலும் ஏறத்தாழ இவ்வளவே வரும். மூவர் ஒரு மாலையிற் செய்ததைப் பேராராய்ச்சி என்று சொல்லேன். ஆயினும் அம்மாணவர் சொன்னது என் நெஞ்சில் நின்றது: “அப்ப பழகினது எங்கட காதுதானே, சேர்?”

செவி பழகுகின்றது என்பது இகழ்தற்குரியதன்று. அதுவே கல்வி. ஆனால் செலவு செய்யுமுன் இதனை அறிந்திருத்தல் நன்று. கருவியை மேம்படுத்த விழைவோர்க்கு யான் சொல்லும் ஒழுங்கு இது.

முதலாவது அறை. நம் வீடுகளிற் சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவருமே மிகுதி. நடுவே நின்று கைதட்டிப் பாருங்கள். ‘டர்’ என்று ஓர் எதிரொலி தொடர்ந்தால், எத்தனை விலையுயர்ந்த கருவியும் அங்கே தெளிவாய் ஒலியாது. தரையிற் பாயோ கம்பளமோ விரித்து, சுவரோரம் புத்தக அலுமாரியை நிறுத்தினால் வேற்றுமை உடனே தெரியும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தாற் கீழ் ஒலி பெருகி மற்றவற்றை மூடும். சுவரிலிருந்து சிறிது முன்னே இழுத்து, செவி மட்டத்தில் வைத்து, இரண்டு ஸ்பீக்கரும் கேட்போனும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமையுமாறு இருத்தல் நலம். இதற்குக் காசு வேண்டியதில்லை.

இரண்டாவது பழுது பார்த்தல். கடற்காற்றும் ஈரமும் வெயிலும் நம் நாட்டிற் கருவிகளுக்குப் பகை. நுரைப்பஞ்சு வளையம் பொடியாய் உதிரும். நாடாவை இழுக்கும் இறப்பர்ப் பட்டி இளகிப் பசையாகும். இசைத்தட்டிலே பூஞ்சணம் பிடிக்கும். வளையத்தையும் பட்டியையும் மாற்றினால், எறியக் கருதிய கருவி மீண்டும் பாடும். தேய்ந்த ஊசியோ தட்டையே அழித்துவிடும். அதனை மாற்றத் தயங்கலாகாது.

ஸ்பீக்கரை மாற்றுவது மூன்றாவது. அம்பிளிபயர் அதன் பின்னரே. 50 வாற்றுப் பெட்டியை விட்டு 60 வாற்றுப் பெட்டி வாங்குவோர் பெறும் உரப்பு ஒரு டெசிபெலுக்கும் குறைவு. இருமடங்கு உரப்பாய்த் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். கம்பிக்குப் பெருந்தொகை கொடுப்பதை எக்காலத்தும் தவிர்க்கலாம். இளஞ்செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளைக் கேட்கும். நாற்பதைக் கடந்தோர் பலர்க்கு மேலெல்லை இறங்கிவிடும். கேளாத ஒலிக்குக் காசு கொடுப்பானேன்?

இவ்வளவும் செய்தபின், நல்ல கருவியென்பதை எதைக்கொண்டு அறிவது? 1933இற் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் தவில் வாசிப்பு இன்று ஒலிப்பதிவுகள் வாயிலாகவே நமக்கு எட்டுகின்றது. ஒரு பக்கத்தில் விரற்கூடுகளின் கூரிய சொற்களும், மறுபக்கத்தில் கழியின் அடியும் தனித்தனியே பிரிந்து கேட்டால் அக்கருவி உண்மையுடையது. தமிழாசிரியனாகிய எனக்கோ வேறோர் உரைகல் உண்டு. அது ழகரம். ல, ழ, ள என்பவற்றையும் ர, ற என்பவற்றையும் பிரித்துணர்த்துவதே எனக்கு ஹைபை. சொற்களைத் தெளிவிக்கும் மெய்யெழுத்துக்களின் நுட்பம் பெரும்பாலும் விநாடிக்கு 1,000 முதல் 4,000 வரையான அதிர்வுகளிலே தங்கியுள்ளது. அப்பகுதி மங்கினால் இசை இனிதாகவே இருக்கலாம், தமிழ் கெட்டுவிடும்.

இதனை எனக்கு மெய்ப்பித்தது ஓர் ஒலிநாடா. எனக்குத் தமிழ் கற்பித்த ஆசான் ஒருவர் 1989இல் தமிழ் மன்றக் கூட்டமொன்றிலே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை பற்றி ஆற்றிய உரை அதில் உண்டு. அவர் பெயரை ஈண்டுக் குறித்திலேன். அவரிடம் கற்றோர் இக்குறிப்பினாலேயே அறிவர். அவர் இப்போது இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, இங்கிருந்த நாடா மற்றைப் பொருள்களோடு போயிற்று. அதற்கு முன்னரே ரொறன்ரோ சென்ற மாணவர் ஒருவர் கொண்டுபோன படி மட்டும் எஞ்சியது. அவர் அதனை எனக்கு அனுப்பிவைத்தார்.

புதிய ஸ்பீக்கரிலே ஆவலோடு கேட்டேன். குரல் அவருடையதே, ஆனால் கம்பளத்தால் மூடியது போல் இருந்தது. யாழாசிரியன் அமைதியை விளக்குமிடத்தில் ‘யாழ்’ என்று அவர் சொன்னது ‘யாள்’ என்றே என் செவியில் விழுந்தது. பிழையறப் பேசுதலை உயிராய்ப் போற்றியவர் வாயில் அச்சொல் அவ்வாறு வருமோ? இருநூறு மணி நேரம் ஓட்டினாலும் தீராத குறை இது.

டைனமோக் காலத்திலே எங்கள் ஊர் வானொலிகளுக்கு உயிர் கொடுத்த திருத்துநர் ஒருவர் இன்னும் தொழில் செய்கின்றார். அவர் பெட்டியைத் திறந்து, நாடா உராய்ந்து செல்லும் தலையை மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்தார். பின்னர்ச் சிறிது கேட்டுவிட்டு, “மாஸ்ரர், நாடாவிலை பிழையில்லை. பதிஞ்ச பெட்டியின்ரை ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருந்திருக்கு, எங்கடையை அதுக்கேற்றபடி சரிக்கவேணும்” என்றார். ஒலியை எடுக்கும் தலையிலுள்ள நுண்ணிய பிளவு, பதிந்த தலையின் பிளவோடு ஒரே சாய்வில் நிற்றல் வேண்டும். இம்மியளவு விலகினாலும் மேல் ஒலிகள் மாயும். தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை அவர் மெல்லத் திருப்பினார். கால்வட்டங்கூட இராது. மூடியிருந்த கம்பளத்தை ஒருவர் விலக்கினாற் போலக் குரல் வெளியே வந்தது. ‘யாழ்’ என்றார் என் ஆசான். நாவின் நுனி மேலே வளைந்து வருடுவதைக் கண்ணாற் கண்டது போல் இருந்தது. அவர் உரைக்கு இடையே மண்டபத்தின் வெளியே ஒரு காகம் கரைவதும், முன்வரிசையில் ஒருவர் இருமுவதுங்கூடக் கேட்டன.

அவ்வுரையைக் கணினியிலே பதிந்து என் வகுப்பிற் போட்டுக் காட்டினேன். ழகரம் பிறக்கும் இடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியுள்ளேன். அன்று அம்மாணவர் அதனைக் கேட்டுக் கற்றனர். தாம் பிறக்குமுன் எழுந்த ஒரு குரலிலிருந்து கற்றனர்.

இனி யான் பழைய மாணவர் அனைவரையும் வேண்டுவது ஒன்றே. உங்கள் அலுமாரிகளிலும் பரண்களிலும், கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும், இத்தகைய நாடாக்கள் கிடக்கின்றன. பரிசளிப்பு விழா, நாடகம், திருவிழாக் கச்சேரி, ஆசிரியர் பிரியாவிடை, தாய் தந்தையர் பேச்சு என அவற்றில் எவை உள்ளனவோ யாரறிவார்? காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டும், பூஞ்சணம் ஏறிக்கொண்டும் இருக்கின்றது. பூஞ்சணம் கண்டதைத் துடைக்காமல் ஓட்டாதீர்கள். தலையைச் சாய்வு பார்த்துச் சரிசெய்து, கணினியிலே சுருக்காத வடிவிற் பதிந்து, இடமும் ஆண்டும் பேசியவர் பெயரும் எழுதி, இரு படிகளை இரு வேறு இடங்களில் வையுங்கள். ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்குத் தாருங்கள். புதிய ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய தொகையிற் சிறு பங்கே இதற்குப் போதும்.

சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து, 1947இலே ‘யாழ் நூல்’ அரங்கேற்றினார். மறைந்துபோன ஒரு கருவியைப் பாட்டும் உரையுமாகிய சான்றுகளைக் கொண்டே அவர் மீட்க முயன்றார். அதன் ஒலி அவர்க்குக் கிட்டவில்லை. பதிந்து வைக்கும் வழி அக்காலத்தார்க்கு இருந்ததில்லை. நமக்கு அவ்வழி உண்டு. ஒலியை இழந்தபின் நூல்களிலே தேடும் நிலையை நம் பின்னோர்க்கு வைத்துச் செல்லலாகாது.

மாணவச் செல்வங்களே, கருவி சில மணி நேரத்திற் பழகிவிடும். செவி பழக ஓர் ஆயுள் வேண்டும். நல்லன கேட்டுப் பழகுமின்! கல்லூரி அன்னை பல விழாக் கண்டு பொலிக!